முகர்ந்து பார்க்கச் சொன்னவர்

"அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் மோந்து பாருங்க."

அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது. கையில் கறுத்துப்போன ஒரு துணி. முன்பின் பழக்கமில்லாத ஓர் ஆள் காலை பத்து மணிக்கு ஒரு கந்தலை மூக்குக்கு நேரே நீட்டினால் நீங்கள் என்ன செய்வீர்களோ தெரியாது. நான் இரண்டடி பின்னால் போய், யாருடைய காலையோ மிதித்து, மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அது கால் இல்லை, ஜாக்கி. துணியில் மயக்க மருந்து தடவி மோதிரத்தைக் கழற்றுகிற கும்பல் பற்றி அந்த வாரம்தான் வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றியது. அதை நம்பிப் பதினாலு பேருக்கு அனுப்பி வைத்தவன் நான்.

"பயப்படாதீங்க. எனக்கு மூக்கு வேலை செய்யாது. கொரோனாவுல போச்சு, திரும்பி வரல. இது பெட்ரோலா, வெறும் ஆயிலான்னு மட்டும் சொல்லுங்க போதும்" என்றார். கரண்டு போயிருக்கிறது, வந்தால் பார்க்கலாம் என்று சொல்கிற மாதிரியான குரல்.

முகர்ந்தேன். "ரெண்டும் அடிக்கி மாதிரி இருக்கு தம்பி."

என் நெற்றியைக் கூர்ந்து பார்த்தார். "தைலம் தேச்சிருக்கீங்களோ?"

"நேத்துலேர்ந்து தலைவலி."

"அப்ப உங்க மூக்கு இன்னைக்கு லீவு" என்று சொல்லிவிட்டு, துணியோடு எதிர்த்த டீக்கடைக்குப் போய்விட்டார்.

தென்காசியிலிருந்து இலஞ்சி போகிற சாலையில் அவருடைய கார் பட்டறை. தகரக் கூரை, இரண்டு கார் நிற்கிற இடம், மழைத்தண்ணீர் உள்ளே வராமலிருக்க வாசலில் ஒரு சிமெண்டு மேடு. இப்போது அது டயர் கடை. அவர் புனலூர்ப் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டார். பெயரைச் சொல்லலாம், ஆனால் சொன்னால் போன் போட்டு, "நான் அப்படியா பேசுனேன், அண்ணாச்சி கூட ரெண்டு சேத்துட்டீங்களே" என்பார். சொல்லவில்லை.

மூக்கு போன ஒரு மெக்கானிக் அந்தத் தொழிலை விட்டிருக்கலாம். இல்லையென்றால் யாருக்கும் தெரியாமல் மறைத்து ஓட்டியிருக்கலாம். இவர் மூன்றாவதாக ஒன்று செய்தார். போகிற வருகிற மூக்கையெல்லாம் கடன் கேட்டார். பெட்ரோல் சம்பந்தப்பட்ட வேலை எதுவானாலும் மூன்று பேர் முகர்ந்து பார்த்துச் சொன்னால்தான் வண்டி வெளியே போகும். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், தேங்காய் லாரி டிரைவர், ஒரு தடவை வண்டிச் சான்றிதழ் கேட்டு நிறுத்திய போலீஸ்காரர் என்று யாரையும் விடமாட்டார். அதிலும் தரம் பார்ப்பார். பீடி குடிக்கிற மூக்கு வேண்டாம். பொடி போடுகிற மூக்கு கூடவே கூடாது. சீசன் சமயத்தில் குற்றாலத்தில் குளித்துவிட்டு உடம்பெல்லாம் எண்ணெய் வழிய வருகிற வெளியூர்க்காரர்கள் தாமாகவே முன்வந்து முகர்வார்கள். "இல்ல சார், நீங்க சந்தோசமாப் போய்ட்டு வாங்க" என்று கும்பிட்டு அனுப்பிவிடுவார்.

முதல் மூக்கு டீக்கடைக்காரம்மாவுடையது. அந்த அம்மா என்னிடம் அலுத்துக்கொண்டார். "காலையில எந்திரிச்சு சாமி கும்பிடுதேனோ இல்லையோ, இந்த மனுசன் கொண்டார கந்தலை மோந்துருதேன். எங்க வீட்டுக்காரரு, நீ இனிமே பூ வச்சுக்கிடாத, மெக்கானிக்கு கோவிச்சுக்கிடுவாருன்னு கேலி பண்ணுதாவ."

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்றும் அந்த அம்மாதான் சொன்னார். காய்ச்சல் தீர்ந்து பட்டறையைத் திறந்த முதல் மாதம், ராயகிரிக்காரர் ஒருவருக்கு பெட்ரோல் குழாய் மாற்றிக் கொடுத்திருக்கிறார். வழக்கப்படி குனிந்து மோந்து பார்த்திருக்கிறார். ஒன்றும் அடிக்கவில்லை. "சரியா இருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார். ராயகிரிக்காரர் எதிரிலேயே டீ குடிக்க நிறுத்த, கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த இந்த அம்மாவுக்கு வாடை குப்பென்று அடித்திருக்கிறது. பானெட்டைத் திறந்தால் ஒரு கிளிப் சரியாக இறுகாமல் என்ஜின் மேலே நனைந்து கிடக்கிறது.

"ஒண்ணும் ஆகல. ஆனா அந்த மனுசன் இங்கன தரையிலேயே உக்காந்துட்டாரு. குடுத்த டீ ஆறி ஆடை கட்டிட்டு. எனக்கு அடிக்கலங்கதை வச்சு வாடையே இல்லைன்னு நெனைச்சுட்டேனே, எனக்கு அடிக்கலங்கதை வச்சு வாடையே இல்லைன்னு நெனைச்சுட்டேனேன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தாரு."

அதற்குப் பிறகு "சரியா இருக்கு" என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

என் விஷயம் நேர் எதிர். எனக்கு அடிக்காத வாடையும் அடிக்கும், கேட்காத சத்தமும் கேட்கும். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவன் நான். தென்காசியில் கடை, வடகரையில் வீடு. முகூர்த்தத் தேதியைச் சரியாகத்தான் அடித்தோமா என்று சாப்பிடும்போது எழுந்து போய்ப் பார்ப்பேன். பயத்துக்கு ஒரு போட்டி வைத்தால் மாவட்ட அளவில் ஜெயிப்பேன், மாநில அளவுக்குப் போகப் பயந்து வீட்டிலேயே இருந்துவிடுவேன்.

அவரைத் தேடிப் போனதற்கு முந்தின நாள், ஆலங்குளத்தில் சம்பந்தி வீட்டில் மகளுக்கு வளைகாப்பு. ஏழாம் மாதம். முடித்துக்கொண்டு முறைப்படி தலைப்பிரசவத்துக்கு அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வருகிறோம். என்னுடையது இருபது வருடப் பழைய பெட்ரோல் கார். பின்னால் மகளும் மனைவியும், டிக்கியில் ஐந்து வகைச் சாதம். பாவூர்சத்திரம் தாண்டியதும் கார் இரண்டு தடவை இழுத்தது, செருமியது, நின்றுவிட்டது.

நான் இறங்கி நடுரோட்டில் நின்று தென்காசி பஸ்ஸை மறித்தேன். டிரைவர் எட்டிப் பார்த்தார். "பிரசவ வலி" என்று கத்திவிட்டேன். பஸ்ஸிலிருந்து பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். ஒரு பெரியம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "சுத்தி மறைங்கடி" என்று உத்தரவு போட ஆரம்பித்தார். மகள் கார்க் கண்ணாடியை இறக்கி, கை நிறைய வளையல் குலுங்கக் கும்பிட்டு, "எனக்கு ஒண்ணும் இல்ல பெரியம்மா, ஏழு மாசம்தான். அப்பாவுக்குத்தான் வலி" என்றாள். டிரைவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தத் தலைவலிக்குத்தான் தைலம்.

சூடு ஆறிய பிறகு வண்டி கிளம்பி, ஒருவழியாக வீடு சேர்ந்தோம். மறுநாள் பட்டறையில் மெக்கானிக் பானெட்டுக்குள் ஒரு சின்ன மீட்டரை பெட்ரோல் குழாயில் பொருத்திக் காட்டினார். என்ஜினுக்கு பெட்ரோல் எவ்வளவு அழுத்தத்தோடு போகிறது என்பதை அதன் முள் சொல்லும். வண்டி சூடாகச் சூடாக முள் படுத்துக்கொண்டே வந்தது. டேங்குக்குள் இருக்கிற பம்பு ஓய்ந்துவிட்டது. புது பம்பு போட்டு, டேங்கைக் கழுவி, மூன்று மூக்கு சாட்சியோடு வண்டியைக் கொடுத்தார். முள் நிமிர்ந்து நின்றது. எனக்கு அந்த முள்ளைப் பிரிய மனசில்லை.

"தம்பி, இதை எனக்கு உள்ளயே வச்சுக் குடுத்திருங்க. ஓட்டும்போது பாத்துக்கிட்டே போவேன்."

"எதுக்கு? வண்டி நின்னா நின்னுட்டுன்னு தெரியத்தான போகுது."

"நிக்கதுக்கு முந்தி தெரியணும். ரெண்டு மாசத்துல பிரசவம். வடகரையிலேர்ந்து தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போற வழியில நின்னுட்டா?"

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள், நானே சிரிப்பேன். அவர் யோசித்தார். முட்டாள் கேட்டாலும் கேள்வியை மட்டும் தனியாக எடுத்து வைத்து யோசிக்கிற மனிதர். "டேங்கு பழசு. கழுவியிருக்கேன், ஆனா கசடு முழுசாப் போயிட்டுன்னு சொல்ல மாட்டேன். அது வந்து பில்டரை அடைச்சா அழுத்தம் கொஞ்சங் கொஞ்சமா இறங்கும். பாத்துக்கிட்டு இருந்தா முன்னாலயே தெரியும். நீங்க கேக்குததுல நியாயம் இருக்கு."

என் பயத்தில் நியாயம் இருக்கிறது என்று என் ஐம்பது வயதில் முதல் தடவையாக ஒருவர் சொல்லிக் கேட்டேன்.

"ஆனா இந்த மீட்டர் ஆகாது" என்றார். பானெட்டுக்குள் கையை விட்டு, என்ஜினுக்கும் ஆட்கள் உட்கார்கிற இடத்துக்கும் நடுவே இருக்கிற தகரச் சுவரை விரலால் தட்டினார். "இந்தச் செவுரு எதுக்கு இருக்கு? அங்கன சூடு, பெட்ரோல். இங்கன மனுசன். நான் மாட்டிக் காட்டுன மீட்டர்ல பெட்ரோலே உள்ள வந்துதான் முள்ளைத் தள்ளுது. இதை உங்க மூஞ்சிக்கு முன்னால வைக்கணும்னா பெட்ரோல் டியூப் செவுத்தைத் தாண்டி வரணும். வரப்பிடாது. அந்தப் பக்கமே ஒரு சென்சாரை வச்சிட்டு, இந்தப் பக்கம் ஒயரை மட்டும் கொண்டு வருவோம். ஒயரு அத்துப்போனா முள்ளு படுக்கும், அவ்வளவுதான். டியூப் அத்துப்போனா..." பானெட்டை மூடினார். "மதுரையிலேர்ந்து சென்சார் வரணும். பத்து நாளாகும்."

பத்து நாள். அது உங்களுக்குப் பத்து நாள். எனக்கு இருநூற்று நாற்பது மணி நேரம். இரண்டு நாள் பொறுத்தேன். அந்த இரண்டு நாளில் வந்துட்டா வந்துட்டா என்று அவருக்குப் பதினாறு போன் போட்டேன். மூன்றாம் நாள், வேறோர் ஊரில் காருக்குச் சீட்டு உறையும் கலர் விளக்கும் தலையாட்டும் நாய் பொம்மையும் விற்கிற கடைக்குப் போனேன். அங்கே அதே மாதிரி மீட்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது.

"அரை மணி நேரம் சார்" என்றான் கடைக்காரன். தகரச் சுவரில் ஓட்டை போட்டு, ஒரு மெல்லிய டியூப்பை உள்ளே இழுத்து, ஸ்டியரிங் பக்கத்தில் மீட்டரைப் பொருத்திவிட்டான்.

"பெட்ரோல் உள்ள வருமோ?" என்று கேட்கத்தான் செய்தேன்.

"டியூப்புக்குள்ளதான சார் வருது. வெளிய வரலையே."

கேஸ் அடுப்பை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவன் நான். இந்தப் பதிலைக் கேட்டு, ஆமால்ல என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த மீட்டரில் நீல வெளிச்சம் எரியும். ரோட்டைப் பார்ப்பதை ஏறக்குறைய விட்டுவிட்டேன். செங்கோட்டையில் ஒரு மினி பஸ்ஸின் பின்பக்கத்தைத் தொட்டும் தொடாமலும் நிறுத்தினேன். அப்போதுகூட முள் நிமிர்ந்துதான் இருந்தது, அதில் எனக்குத் திருப்தி.

மகளுக்கு அந்த மாதத்தில் உலகமே நாறியது. குளிக்கிற சோப்பை மாற்றினோம். தாளிக்கும்போது அவளைத் தோட்டத்துப் பக்கம் அனுப்பினோம். காலைப் பேப்பரில் மை நாற்றம் என்றாள். பத்திரிகை அடிக்கிறவன் மகள் சொல்கிற பேச்சா அது. அதனால், "அப்பா, கார்ல ஏறுனா பெட்ரோல் நாத்தம் அடிக்கு" என்று அவள் சொன்னபோது நான் அதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டேன்.

"எனக்கு அடிக்கலையே."

"உங்களுக்குத் தைலத்தைத் தவிர எதுதான் அடிக்கும்?"

"விடுங்க" என்றாள் மனைவி, "அவளுக்கு நேத்து தயிரே நாறிட்டு."

நான் கடைக்குப் போய் எலுமிச்சை வாசனை வருகிற ஒரு குப்பி வாங்கிக் காரில் தொங்கவிட்டேன். மறுநாள் ஏறி உட்கார்ந்தவள், "இப்ப எலுமிச்சம்பழத்துல பெட்ரோல் ஊத்துன மாதிரி இருக்கு" என்றாள். நல்ல நகைச்சுவை என்று நினைத்து, அதைக் கடையில் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தேன்.

சென்சார் வந்துவிட்டது என்று அவர் போன் செய்தார். "அவசரமில்ல தம்பி, மெதுவாப் பாப்போம்" என்றேன். பதினாறு போன் போட்டவன் அவசரமில்லை என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது. மறுநாள் ஆஸ்பத்திரியில் மகளுக்கு ஸ்கேன். இலஞ்சி ரோட்டில் போகிறோம், அவர் பட்டறையிலிருந்து இறங்கி ரோட்டிலேயே வந்து நின்று கையைக் காட்டினார். நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து மீட்டர் மேல் போட்டேன். காருக்குப் பொன்னாடை போர்த்திவிட்ட மாதிரி இருந்திருக்கும்.

முன் சீட்டில் மகள். அவள் பக்கத்து ஜன்னலில் வந்து குனிந்தார். என்னைப் பார்க்கவில்லை, துண்டையும் பார்க்கவில்லை.

"எம்மா, நல்லா இருக்கியா? ஒண்ணு கேக்கேன். இந்தக் கார்ல உனக்கு ஏதாச்சும் வாடை அடிக்கா?"

"பெட்ரோல் வாடை அடிக்கு சித்தப்பா. ஒரு வாரமா சொல்லுதேன்."

நான் சிரித்தேன். "அவளுக்கு ரசம் வச்சாலும் வாடைதான், தம்பி. மாசம் அப்படி."

அவர் சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, வண்டியை அணைங்க. சாவியை எங்கிட்டக் குடுங்க. மதினி, நீங்க அந்தப் பக்கமா இறங்குங்க. எம்மா, மெதுவா இறங்கி டீக்கடைக்குப் போ." குரல் உயரவில்லை. நாலு கதவையும் விரியத் திறந்து போட்டார். டீக்கடையில் பீடி பிடித்துக்கொண்டிருந்தவரை தூரப் போகச் சொன்னார். காரைக் கையாலேயே தள்ளி மரத்தடிக்குக் கொண்டு போனோம். காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே தங்கிய வாடை கலையட்டும் என்று கொஞ்ச நேரம் காருக்கு எதிரே நின்றார். பிறகுதான் மகள் கால் வைத்திருந்த இடத்து மிதியடியைத் தூக்கினார்.

அடியில் விரிப்பு ஈரமாக இருந்தது. உள்ளங்கை அகலம். ஒரு பேப்பரை மடித்து அதில் வைத்து அழுத்தி எடுத்து, டீக்கடைக்காரம்மாவிடம் நீட்டினார். அந்த அம்மா முகரக்கூட இல்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். டியூப், ஓட்டையின் கூரான விளிம்பில் உரசி உரசித் தேய்ந்து, வியர்க்கிற மாதிரி கசிந்து, தகரத்தோடு வழிந்து, ஒரு வாரமாக என் மகளின் காலடியில் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

"மூணு மூக்கு சொல்லணுமே" என்றேன். அந்த நேரத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை, பயந்தால் எனக்கு அப்படித்தான்.

"இந்த ஒரு மூக்கு சொன்னாப் போதும்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். நான் சொல்லியும் கேட்டீங்களா என்று ஒரு வார்த்தை இல்லை. துண்டு விலகி மீட்டர் தெரிந்தபோது அதைப் பார்த்துவிட்டு, துண்டை மடித்து என்னிடமே தந்தார். மகளும் மனைவியும் ஆட்டோவில் ஸ்கேனுக்குப் போனார்கள். எல்லோரும் போன பிறகு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ குடித்தேன். வாழ்நாளெல்லாம் எதற்கும் முன்கூட்டியே வந்து நிற்கிற என் பயம், வரவேண்டிய ஒரே தடவை எல்லாம் முடிந்து முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. சுவரில் சாய்ந்தேன். டீக்கடைக்காரம்மா கேட்காமலே இரண்டாவது டீயைக் கொண்டு வைத்தார்.

அவர் வேலை செய்வதை அன்றைக்கு முழுவதும் பார்த்தேன். முதலில் பேட்டரி வயரைக் கழற்றினார். என்ஜின் பக்கத்து மூட்டில் துணியைச் சுற்றி மெல்லத் தளர்த்தி, குழாயில் தேங்கிய அழுத்தத்தை இறக்கினார். உள்ளே இருந்த டியூப்பை முழுக்க உருவி வெளியே எடுத்தார். அந்த ஓட்டையைத் தகடு வைத்து அடைத்தார். சென்சாரைக் குழாயில் தொங்க விடாமல், குலுக்கலில் ஆடாதபடி பாடியில் ஒரு பட்டை போட்டு இறுக்கினார். அதிலிருந்து வயரை மட்டும், கம்பெனிக்காரனே விட்டிருந்த ரப்பர் வளையத்தின் வழியாக உள்ளே கொண்டு வந்து ஒரு பியூசும் வைத்தார். பம்பை ஓடவிட்டு, இணைப்புகளைச் சுற்றி முகப்பவுடரைத் தூவினார். கீழே பேப்பர் விரித்தார். பவுடர் நனையவில்லை, பேப்பர் நனையவில்லை. விரிப்பைக் கழுவிக் காயப்போட்டார்.

பார்த்துக்கொண்டே இருந்தபோது ஒன்று தோன்றியது. அவரும் பயந்துதான் அத்தனையும் செய்கிறார். எனக்கு வருகிற அதே பயம்தான். அவர் அதைக் கைக்கு அனுப்பிவிடுகிறார், நான் வாயில் வைத்துக்கொண்டு அலைகிறேன்.

மறுநாள் காரை வெயிலில் கண்ணாடியெல்லாம் ஏற்றி அரை நாள் நிறுத்தி வைத்துவிட்டு, மகளைக் கூட்டி வரச் சொன்னார். கதவைத் திறந்து, "ஏறாத, தலையை மட்டும் விட்டுப் பாரு" என்றார். அவள் நிதானமாகப் பார்த்தாள். முன்னால், பின்னால், சீட்டுக்கு அடியில். அவர் ரிசல்ட்டுக்கு நிற்கிற பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இல்ல சித்தப்பா."

"சித்தப்பா மனசு நோகும்னு சொல்லாத."

"நெசமா இல்ல. அப்பா தைலந்தான் அடிக்கு."

அப்போதுதான் மீட்டரைப் பொருத்தினார். ஸ்டியரிங் பக்கம் இல்லை. இடது கோடியில், பக்கத்து சீட்டில் உட்கார்கிறவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தார். எனக்குத் தெரியலையே தம்பி என்றேன். "நீங்க ரோட்டைப் பாருங்க, அதைப் பாக்க ஆள் இருக்கு" என்றார். மகளின் போனை வாங்கித் தன் நம்பரைப் போட்டுக் கொடுத்தார். எந்தக் கோட்டுக்குக் கீழே முள் இறங்கக் கூடாது என்று அவளுக்கு விரலால் காட்டினார்.

ஒன்றரை மாதம் கழித்து, ஒரு சாயங்காலம், நாலரை மணிக்கு மகளுக்கு வலி எடுத்தது. ஆம்புலன்சைக் கூப்பிடுவோம் என்றேன். "இப்பத்தாம்பா லேசா ஆரம்பிச்சிருக்கு, நம்ம கார்லயே போவோம்" என்றாள். சீட்டைச் சாய்த்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். நான் எப்படி ஓட்டினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. பண்பொழி தாண்டியதும் மிதித்தேன். "அப்பா, வலிக்கி, மெதுவாப் போங்க" என்றாள். மெதுவாக்கினேன். மறந்துபோய் மறுபடி மிதித்தேன். "மெதுவாப்பா." யாரிடமோ போனில் ம், ம் என்றாள், மாப்பிள்ளையாக இருக்கும் என்று நினைத்தேன். தென்காசி வரைக்கும் மாட்டுவண்டி வேகத்தில் போனோம். சைக்கிள்காரர் ஒருவர் எங்களை முந்திப் போனார்.

ஆஸ்பத்திரி வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். தற்செயலாக வந்திருப்பார் என்று நினைக்கிற அளவுக்குத்தான் எனக்கு அப்போது புத்தி இருந்தது. "நீங்க உள்ள போங்க, வண்டியை நான் போடுதேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டார். எட்டு மணிக்குப் பேத்தி பிறந்தாள்.

மூன்றாம் நாள்தான் மகள் சொன்னாள். வீட்டிலிருந்து கிளம்பிக் கொஞ்ச நேரத்திலேயே முள் இறங்க ஆரம்பித்துவிட்டது. கசடு பில்டரை அடைத்திருக்கிறது. நான் மிதிக்க மிதிக்க முள் கோட்டுக்குக் கீழே போயிருக்கிறது. அவள் அவருக்குப் போன் போட்டிருக்கிறாள்.

"என்ன சொன்னாரு?"

"வேகமாப் போனாத்தான் பெட்ரோல் பத்தாது, மெதுவாப் போனா வண்டி ஊருக்கு வந்துரும். அப்பாகிட்ட முள்ளைப் பத்தி மூச்சு விடாத, வலிக்கி மெதுவாப் போங்கன்னு மட்டும் சொல்லுன்னு சொன்னாவ."

"அப்ப உனக்கு வலிக்கலையா?"

"வலிச்சிச்சுப்பா. நல்லா வலிச்சிச்சு" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையை மார்போடு மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

உடனே அவருக்குப் போன் போட்டேன். கோபமாகப் பேச வேண்டும் என்றுதான் நினைத்தேன். "எங்கிட்ட மறைச்சிட்டீங்களே தம்பி. நடுவழியில நின்னிருந்தா என்ன பண்ணியிருப்பேன்?"

"செங்கோட்டையிலேர்ந்து நான் உங்க பின்னாலயேதான வந்தேன், அண்ணாச்சி. ஆஸ்பத்திரிக்கிட்ட வந்துதான் உங்களை முந்துனேன். நீங்க ஒரு தடவைகூட கண்ணாடியைப் பாக்கல" என்றார்.

யாருடைய காரில் வந்தார், எதற்கு வந்தார் என்று அவர் சொல்லவில்லை. டீக்கடைக்காரம்மாதான் சொன்னார். ரிப்பேருக்கு வந்திருந்த பெரிய கார் ஒன்றை அதன் சொந்தக்காரரிடம் கேட்டு எடுத்துக்கொண்டு, பின் சீட்டு முழுவதும் சலவை செய்த வேட்டியை விரித்து, அந்த அம்மா வீட்டிலிருந்து ஒரு தலையணையும் வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினாராம். கிளம்புவதற்கு முன்னால் அந்தத் தலையணையை அந்த அம்மாவிடமே நீட்டி, "பிள்ளைத்தாச்சி தலை வைக்கது, ஏதும் வாடை அடிக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டாராம்.